உறைநிலத்தின் மேல் ஒரு சரளைச் சாலை

கனடாவின் யூக்கான் பிரதேசத்தில், டாஸன் நகரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், க்ளாண்டைக் நெடுஞ்சாலையிலிருந்து வடக்கே ஒரு சாலை பிரிகிறது. டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை என்பது அதன் பெயர். பிரிந்த சற்று தூரத்திலேயே தார் முடிந்து சரளை தொடங்கிவிடுகிறது. அந்தச் சரளைப் பாதை இரண்டு மலைத்தொடர்களையும் இரண்டு பேராறுகளையும் கடந்து, 736 கிலோமீட்டருக்கு அப்பால் இனூவிக் என்னும் ஊரைச் சென்றடைகிறது. 2017 நவம்பரில் அங்கிருந்து மேலும் 138 கிலோமீட்டர் நீட்டப்பட்டு, ஆர்க்டிக் பெருங்கடலின் கரையிலுள்ள டக்டொயாக்டக் வரை செல்கிறது. கனடாவில் ஆர்க்டிக் கடற்கரையைத் தொடும் நிலையான பொதுச் சாலை இது ஒன்றுதான். பிரிவு முனையில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளாமல் புறப்பட முடியாது. அடுத்த பங்க் 369 கிலோமீட்டர் தள்ளி, ஈகிள் ப்ளெயின்ஸ் என்னும் மேட்டில் இருக்கிறது. இடையில் ஊர் கிடையாது, கடை கிடையாது, செல்பேசிக்கு சிக்னலும் கிடையாது.

பல ஆண்டுகள் டொராண்டோவில் வாழ்ந்தும் கனடாவின் வடபாதியை வரைபடத்தில் மட்டுமே பார்த்திருந்த நானும் என் மனைவியும், ஓர் ஆகஸ்ட் மாதக் கடைசியில் இந்தச் சாலையில் ஏறினோம். இரண்டு ஸ்டெப்னி டயர்கள், ஒரு கேன் பெட்ரோல், ஜாக்கி, காற்றடிக்கும் பம்ப், நான்கைந்து நாளைக்குப் போதுமான அரிசியும் பருப்பும் வண்டியில் இருந்தன. திரும்பி வந்து இந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னபோது, ஏறக்குறைய எல்லா நண்பர்களும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு பணக்கார நாடு, ஒரு நெடுஞ்சாலைக்குத் தார் போடாமல் ஏன் விட்டு வைத்திருக்கிறது? இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அந்தக் கேள்விதான். சரளை அங்கே வறுமையின் அடையாளமும் அன்று, அலட்சியத்தின் அடையாளமும் அன்று. அந்த நிலத்தில் ஒரு சாலை உயிரோடு இருப்பதற்கான வழியே அதுதான்.

டெம்ப்ஸ்டர் சாலையின் பெரும்பகுதி ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிலத்தின் மீது செல்கிறது. பெர்மாஃப்ரோஸ்ட் என்று சொல்லப்படும் இந்த உறைநிலத்தில் மண்ணோடு பனிக்கட்டியும் கலந்திருக்கிறது. சில இடங்களில் மண்ணைவிடப் பனிக்கட்டியே அதிகம். கோடையில் மேலடுக்கு மட்டும் இளகுகிறது. அதற்குக் கீழே வெப்பம் இறங்கவிடாமல் காப்பது மேலே தடிமனாகப் படர்ந்திருக்கும் பாசியும் மட்கிய செடிகொடிகளும்தான். நம் ஊரில் ஐஸ் பாளத்தை மரத்தூளிட்டு மூடி வைப்பது போன்ற ஏற்பாடு அது. புல்டோசரால் அந்தப் பாசியைச் சுரண்டி எடுத்துவிட்டால், அடுத்த கோடையிலேயே வெயில் உள்ளே இறங்கி, பனி உருகி, நிலம் குழைந்து அமிழத் தொடங்கும். ஆகவே, மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிச் சமப்படுத்தும் வழக்கமான சாலைப் பணி இங்கே செல்லுபடியாகாது. இருக்கும் தரையைத் தொடாமல், பாசியை அப்படியே விட்டு, அதன் மேல் 1.2 மீட்டர் முதல் 2.4 மீட்டர் வரை சரளையைக் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். வண்டிகளைச் சுமப்பது அந்தச் சரளையின் ஒரு வேலைதான். அடியிலுள்ள நிலத்தை உறைந்த நிலையிலேயே காப்பது அதைவிடப் பெரிய வேலை. கறுத்த தார் வெயிலைக் குடிக்கும். அடியில் நிலம் புடைத்தாலும் தாழ்ந்தாலும் வெடித்துப் பாளம் பாளமாகப் பெயரும். சரளையோ நிலத்தோடு சேர்ந்து அசைந்து கொடுக்கும்; சாலையைச் சமப்படுத்தும் கிரேடர் இயந்திரம் ஒருமுறை இழுத்துவிட்டுப் போனால் மீண்டும் சாலையாகிவிடும்.

இந்த அறிவு ஒரே நாளில் வந்துவிடவில்லை. பிரதமர் ஜான் டீஃபன்பேக்கரின் அரசு, வடக்கிலுள்ள வளங்களை எட்டுவதற்குச் சாலைகள் போடும் திட்டத்தை 1958இல் அறிவித்தது. ஈகிள் ப்ளெயின்ஸ் பகுதியில் எண்ணெயும் எரிவாயுவும் தேடிய நிறுவனங்களுக்கு வழி அமைப்பதற்காக 1959இல் வேலை தொடங்கியது. செலவு எகிறியது, எதிர்பார்த்த வளமும் கைக்கு வரவில்லை, 1961இல், 115 கிலோமீட்டர் முடிந்திருந்த நிலையில் வேலை நின்றுபோனது. 1968இல் அலாஸ்காவின் ப்ரூடோ பேயில் பெரும் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் கனடா அரசுக்கு இந்தப் பாதியில் நின்ற சாலை மீண்டும் நினைவுக்கு வந்தது. 1979 ஆகஸ்ட்டில் அது முறையாகத் திறக்கப்பட்டது. எண்ணெய்க்காகப் போடப்பட்ட இந்தச் சாலை, இன்று பெரும்பாலும் இனூவிக்குக்கு அரிசியும் பாலும் கட்டுமானப் பொருள்களும் கொண்டு போகும் லாரிகளுக்கே பயன்படுகிறது. அந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

முதல் நூறு கிலோமீட்டரில் காட்சி வெகு வேகமாக மாறுகிறது. ஸ்ப்ரூஸ் மரங்கள் நெருங்கி நின்ற பள்ளத்தாக்கிலிருந்து சாலை ஏறி டூம்ஸ்டோன் பூங்காவுக்குள் நுழையும்போதே மரங்கள் குட்டையாகி, இடைவெளி விட்டு, கடைசியில் காணாமல் போகின்றன. 71ஆவது கிலோமீட்டருக்கு அருகிலுள்ள தகவல் நிலையத்தில், இந்த நிலத்தின் பழங்குடியினரான ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்களின் வாழ்க்கையைப் பற்றிப் பொறுமையாக எடுத்துச் சொல்கிறார்கள். வேகமாகக் கடந்து போகக்கூடாத இடம் அது. அதைத் தாண்டியதும் சாலையின் மிக உயரமான பகுதியான நார்த் ஃபோர்க் கணவாய் வருகிறது. ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரம். வடக்கே இலையுதிர்காலம் ஆகஸ்ட் கடைசியிலேயே வந்துவிடுகிறது. முழங்கால் உயரம்கூட இல்லாத பிர்ச் புதர்கள் மலைச்சரிவு முழுவதும் சிவந்திருந்தன. ஓடைகளின் ஓரங்களில் மட்டும் வில்லோ செடிகள் மஞ்சளாகக் கோடு போட்டிருந்தன. நாங்கள் வண்டியை நிறுத்திவிட்டு அந்தத் தரையில் நடந்து பார்த்தோம். மேலே உலர்ந்ததாகத் தெரிந்த பாசி, கால் வைத்ததும் கணுக்கால் வரை உள்வாங்கி நீரைக் கசியவிட்டது. பாசியைச் சற்று விலக்கிக் கையை உள்ளே விட்ட என் மனைவி, முழங்கை ஆழம் வருவதற்குள் விரல்கள் கடினமான குளிர்ப்பரப்பில் முட்டியதாகச் சொன்னாள். வெளியே ஸ்வெட்டர் போடத் தேவையில்லாத வெயில். விலக்கிய பாசியை அவள் திரும்ப அதே இடத்தில் வைத்து அழுத்திவிட்டு எழுந்தாள்.

அதற்கு வடக்கேயுள்ள ஓகில்வி மலைகளின் பெரும்பகுதி கடைசிப் பனியுகத்தில்கூடப் பனியாறுகளால் மூடப்படவில்லை. பனியாறு செதுக்கிய மலைகளின் கூரிய முகடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை வேறு வகையாகத் தெரிகின்றன: உடைந்த சாம்பல்நிறக் கல் உச்சியிலிருந்து அடிவரை சரிந்து குவிந்திருக்கிறது. ஆசியாவையும் வட அமெரிக்காவையும் இணைத்த பெரிஞ்சியா என்னும் பனியற்ற நிலப்பரப்பின் கிழக்கு எல்லை இது. எஞ்சினியர் க்ரீக் என்ற ஓடை இரும்புச் சத்தால் செங்காவி நிறத்தில் ஓடுகிறது. கரைக் கற்களெல்லாம் துருப்பிடித்தவை போல இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் கண்ணாடியை இறக்கினால் கந்தக வாடை வருகிறது.

ஓகில்வி ஆற்றை விட்டுச் சாலை மேட்டில் ஏறிய பிறகு எங்கள் பின்சக்கரம் பஞ்சரானது. இங்கே சாலைக்குப் போட்ட கல்லில் ஷேல் என்னும் அடுக்குப்பாறையின் துண்டுகள் உண்டு. லாரிகள் ஏறி நொறுங்கும்போது அவை கத்தி முனையாக உடைகின்றன. டயரைக் கழற்றிப் பார்த்தபோது, கட்டைவிரல் அளவுக்குக் கறுத்த சில்லு ஒன்று நேராக உள்ளே இறங்கியிருந்தது. நாங்கள் ஜாக்கி போட்டுக்கொண்டிருக்கும்போதே தெற்கிலிருந்து வந்த சரக்கு லாரி ஒன்று, தூசி எங்கள் மேல் படாதபடி வெகு தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து வந்து நின்றது. ஓட்டுநர் அறுபதைத் தாண்டியவர். எல்லாம் இருக்கிறதா, ஸ்டெப்னி நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். ஸ்டெப்னியைத் தானே அழுத்திப் பார்த்தார். மற்ற மூன்று டயர்களிலும் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். டயர் இறுகியிருந்தால் கல் எளிதில் குத்திவிடும், சற்றுத் தளர்ந்திருந்தால் கல்லின் மேல் மடிந்து போய்விடும் என்று விளக்கினார். கடைசி நட்டை முறுக்கி முடிக்கும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை. இந்தச் சாலையில் நின்றிருக்கும் வண்டியைக் கண்டால் விசாரிக்காமல் யாரும் கடந்து போவதில்லை. அதை யாரும் உதவி என்று கருதுவதில்லை. குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியில் ஒருவர் இங்கே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மழை பெய்தால் நிலைமை வேறு. தூசி அடங்குவதற்காகத் தெளிக்கும் கால்சியம் க்ளோரைடு, ஈரத்தில் சரளையின் மேல்பரப்பைக் குழம்பாக்கி வழுக்க வைக்கிறது. அதுவும் சேறும் சேர்ந்து வண்டியின் அடியில் சிமெண்ட் போலக் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. அதை உடனே கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரும்பை அரித்துவிடும்.

ஈகிள் ப்ளெயின்ஸ் விடுதியும் உறைநிலத்தைப் புரிந்துகொண்டு கட்டப்பட்டதுதான். 1978இல் அதைக் கட்டியவர்கள், பாறை தரைமட்டத்திலேயே வெளிப்பட்டிருக்கும் ஓர் இடத்தைத் தேடிப் பிடித்தார்கள். அதனால் தூண்களை ஆழமாக இறக்காமலே கட்டடத்தை நிறுத்த முடிந்தது. பெட்ரோல், பஞ்சர் ஒட்டும் கொட்டகை, சூடான சாப்பாடு, படுக்கை எல்லாம் அங்கே கிடைக்கும். சாலைக்குப் பெயர் தந்த நிகழ்ச்சியின் பழைய புகைப்படங்கள் அதன் சுவர்களில் தொங்குகின்றன. அந்த நிகழ்ச்சியைத் தெரிந்துகொள்ளாமல் இந்தச் சாலையில் போவது பாதிப் பயணம் என்றே நினைக்கிறேன்.

நூறாண்டுகளுக்கு முன்னர், ராயல் வடமேற்குக் குதிரைக் காவற்படையினர் குளிர்காலத்தில் நாய்வண்டிகளில் டாஸனுக்கும் மெக்கன்ஸி ஆற்றுப் பகுதியிலுள்ள ஃபோர்ட் மெக்ஃபர்ஸனுக்கும் இடையே தபால் கொண்டு போவார்கள். 1910 டிசம்பர் 21 அன்று இன்ஸ்பெக்டர் ஃபிரான்சிஸ் ஃபிட்ஸ்ஜெரால்டும் மூன்று துணைவர்களும் மெக்ஃபர்ஸனிலிருந்து புறப்பட்டார்கள். விரைவாகப் போகும் எண்ணத்தில் உணவைக் குறைவாகவே ஏற்றியிருந்தார்கள். வழிகாட்டியாக வந்த கார்ட்டர், அந்தப் பாதையில் ஒரே ஒருமுறை, அதுவும் எதிர்த்திசையில் பயணம் செய்தவர். வழியில் எஸாவ் ஜார்ஜ் என்ற க்விச்சின் பழங்குடியினர் சில நாள்கள் அவர்களுக்கு வழிகாட்டினார். புத்தாண்டு நாளில் கூலியைக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டார்கள். பிறகு திரும்ப வேண்டிய ஓடையை அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. நாள்கணக்கில் தேடி, உணவு தீர்ந்து, வந்த வழியே திரும்பி, வண்டியிழுத்த நாய்களையே ஒவ்வொன்றாகக் கொன்று தின்று, நால்வரும் 1911 பிப்ரவரியில் இறந்துபோனார்கள். கடைசியாக இறந்த இருவரும் மெக்ஃபர்ஸனுக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு வரை வந்துவிட்டிருந்தார்கள்.

அவர்களைத் தேடி பிப்ரவரி 28 அன்று டாஸனிலிருந்து புறப்பட்டவர் கார்ப்பரல் டெம்ப்ஸ்டர். மார்ச் மாதத்தில் அவர் நால்வரின் உடல்களையும் கண்டெடுத்தார். கடும்பனியில் அவர் அவ்வளவு விரைவாகப் போய்ச் சேர்ந்ததைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அவர் அந்தப் பெருமைக்கு உரியவர்தான். ஆனால் அவருடைய குழுவில் சார்லி ஸ்டூவர்ட் என்ற க்விச்சின் வழிகாட்டி இருந்தார் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கதை முழுமை பெறும். ஒரு குழு பாதையை அறிந்தவரை அனுப்பிவிட்டு மாண்டது. மற்றொரு குழு பாதையை அறிந்தவரோடு போய்ச் சேர்ந்தது. இன்று நாம் போகும் நெடுஞ்சாலையின் பெரும்பகுதி அந்தப் பழைய நாய்வண்டித் தடத்தை ஒட்டியே செல்கிறது. அந்தத் தடங்களை முதலில் அறிந்தவர்கள் க்விச்சின் மக்கள். சாலைக்குப் பெயர் சூட்டும் உரிமை என்னிடம் இருந்திருந்தால், பலகையில் இரண்டு பெயர்கள் இருந்திருக்கும்.

405ஆவது கிலோமீட்டரில் ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்ததும் வலப்பக்கத்தில் ரிச்சர்ட்ஸன் மலைகள் தொடங்குகின்றன. லாரிகளையே புரட்டிப்போடும் காற்று வீசும் இந்தப் பகுதியைச் சூறாவளிச் சந்து என்று ஓட்டுநர்கள் அழைக்கிறார்கள். வேறு சில இடங்களில் சாலை சட்டென்று அகலமாகி, நேராக நீள்கிறது. விமானம் இறங்குவதற்காக விடப்பட்ட அகலம் அது. போர்க்குபைன் மந்தை எனப்படும் கரிபூ மான்களின் கூட்டம் குளிர்காலத்தில் இந்த மலைப்பகுதிகளில்தான் மேய்கிறது. 2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. முன்னால் செல்லும் மான்கள் சாலையைக் கடக்கும்போது வண்டியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். முன்னவை மிரண்டு திரும்பினால் பின்னால் வரும் மந்தை முழுவதும் தடுமாறிவிடும். க்விச்சின் மக்களின் உணவும் வாழ்வும் அந்த மந்தையைச் சார்ந்திருப்பதால், மான்கள் கன்று ஈனும் அலாஸ்காக் கடற்கரைச் சமவெளியில் எண்ணெய் எடுக்கக் கூடாது என்று அவர்கள் பல பத்தாண்டுகளாகப் போராடி வருகிறார்கள். நாங்கள் பார்த்தது நான்கைந்து மான்களைத்தான். அவை சாலையின் மேல் ஏறி நின்று, எங்களைப் பார்த்து, ஒன்றன்பின் ஒன்றாக மறுபுறம் இறங்கிப் போயின.

பீல் ஆற்றிலும் மெக்கன்ஸி ஆற்றிலும் பாலம் கிடையாது. கோடையில் ஃபெர்ரிகள் கட்டணமின்றி வண்டிகளை அக்கரை சேர்க்கின்றன. குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே லாரிகள் போகின்றன. ஃபெர்ரி வந்து அணையும் துறைகூட கான்கிரீட் இல்லை, குவித்த சரளைதான். நீர்மட்டம் ஏறி இறங்க, ஓர் இயந்திரம் அந்தச் சரளையை முன்னும் பின்னும் தள்ளித் துறையைப் புதிதாக அமைத்துக்கொண்டே இருக்கிறது. மெக்கன்ஸியில் ஃபெர்ரி முக்கோணமாகச் செல்கிறது: இக்கரை, அக்கரை, ஆர்க்டிக் ரெட் என்னும் துணையாறு கலக்கும் முனையிலுள்ள சீகெஹ்சிக் கிராமம். இலையுதிர்காலத்தில் ஆறு உறையத் தொடங்கி ஃபெர்ரி நின்றபின், லாரியைத் தாங்குமளவுக்குப் பனி இறுகும்வரை சில வாரங்கள் எதுவும் கடக்க முடியாது. வசந்தத்தில் பனி உடையும்போதும் அப்படியே. அந்த வாரங்களில் இனூவிக்கில் பால் முதல் காய்கறி வரை எல்லாம் விமானத்தில்தான் வரும், விலையும் ஏறும். இரண்டு ஆறுகளுக்கும் நடுவே இருக்கிறது ஃபோர்ட் மெக்ஃபர்ஸன். ஃபிட்ஸ்ஜெரால்டும் துணைவர்களும் அங்கே தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

இனூவிக் 1950களின் நடுவில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர். வெள்ளமும் கரை அரிப்பும் வாட்டிய அக்லாவிக் என்னும் ஊருக்கு மாற்றாக அரசு அதை அமைத்தது. வீடுகள் தூண்களின் மேல் நிற்கின்றன, வீட்டின் வெப்பம் கீழே நிலத்தை இளக்காமலிருக்க. குடிநீரும் கழிவுநீரும், தரைக்கு மேலே வீடு வீடாக ஓடும் பெட்டி போன்ற குழாய்களில் செல்கின்றன. அந்த ஊரில் 2010இல் வந்து சேர்ந்த ஒரு சிறிய பள்ளிவாசல் இருக்கிறது. மானிட்டோபாவில் கட்டி, லாரியிலும் மெக்கன்ஸி ஆற்றில் மிதவையிலுமாக ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கொண்டு வந்தார்கள். அதன் முன்னால் சிறிது நேரம் நின்றுவிட்டுத்தான் கிளம்பினோம்.

கடைசி 138 கிலோமீட்டர்தான் முழுப்பயணத்திலும் என்னை அதிகமாக யோசிக்க வைத்தது. டெம்ப்ஸ்டரில் கற்றதையெல்லாம் வைத்துக் கட்டிய சாலை அது. 2014 ஜனவரியில் தொடங்கிய மண்வேலையைக் குளிர்காலங்களில் மட்டுமே செய்தார்கள். நிலம் கல்லாக இறுகியிருக்கும்போது மேலே துணிவிரிப்பைப் போட்டு, அதன்மேல் உறைந்த மண்ணையும் சரளையையும் கொட்டினார்கள். ஓரிடத்தில்கூடத் தரையை வெட்டவில்லை. செலவு ஏறத்தாழ 30 கோடி கனடிய டாலர். அதற்கு முன்பு டக்டொயாக்டக் மக்களுக்குக் குளிர்காலத்தில் ஆற்றின் மேலும் கடலின் மேலும் 187 கிலோமீட்டர் நீளும் பனிச்சாலை இருந்தது. மற்ற காலங்களில் விமானமும் படகும்தான். இப்போது அந்தக் கடற்கரையின் பழங்குடியினரான இனுவியாலுயிட் தாய்மார்கள் தாங்களே வண்டி ஓட்டிக்கொண்டு பிள்ளையை இனூவிக் மருத்துவமனைக்கு அழைத்துப் போக முடிகிறது.

ஏரிகளுக்கிடையே வளைந்து செல்லும் அந்தப் பாதையில் ஓரிடத்தில் சாலையின் ஓரம் அமிழ்ந்து, நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தது. கிரேடர் ஒன்று புதிய சரளையை இழுத்துச் சமப்படுத்திக்கொண்டிருந்ததால் நாங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. வேலையைச் சற்று நிறுத்திவிட்டு இறங்கி வந்த உள்ளூர்க்காரரான ஓட்டுநரிடம், போன வருடமும் இதே இடத்தில்தான் போட்டீர்களா என்று கேட்டேன். "போன வருடமும் போட்டோம். அடுத்த வருடமும் போடுவோம். நிலம் கீழே இழுக்கிறது, நாங்கள் மேலே கொட்டுகிறோம்," என்றார். அவருடைய குரலில் குறை எதுவும் இல்லை. நாள்தோறும் செய்யும் வேலையைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

டக்டொயாக்டக் ஊருக்கு அருகே பிங்கோ எனப்படும் பனிக்கரு கொண்ட குன்றுகள் தட்டையான சமவெளியிலிருந்து எழுந்து நிற்கின்றன. அவற்றில் பெரியதான இப்யுக் 49 மீட்டர் உயரம். ஊரின் கடற்கரையோ உறைந்த மண்ணாலானது. கடற்பனி குறைந்து அலைகளின் ஆட்டம் கூடியதால் அந்த மண் ஆண்டுதோறும் இளகிக் கடலில் விழுகிறது. 2020இல் கரையோர வீடுகள் சிலவற்றைப் பெயர்த்து உள்ளே கொண்டு போய் வைக்க நேர்ந்தது. கனடாவின் இந்த மூலை உலகச் சராசரியைவிட வெகு வேகமாக வெப்பமாகி வருகிறது. பாசியும் சரளையும் சேர்ந்து அரை நூற்றாண்டாகக் காத்துவந்த குளிர், இப்போது மேலே காற்றிலிருந்தே குறைந்துகொண்டு போகிறது. இனி இந்தச் சாலையைப் பராமரிக்க ஆண்டுக்கு ஆண்டு அதிகச் சரளையும் அதிகப் பணமும் தேவைப்படும். ஆயிரம் பேர்கூட வாழாத ஊருக்கு இவ்வளவு செலவா என்று தெற்கே இருக்கிறவர்கள் கேட்கத் தொடங்குவார்கள். அந்த வெப்பத்தில் டக்டொயாக்டக் மக்களின் பங்கு மிகச் சிறியது. டொராண்டோவில் பெட்ரோல் வண்டி ஓட்டுகிற என்னைப் போன்றவர்களின் பங்கு அதைவிட மிகப் பெரியது. ஆகவே அந்தக் கேள்வி எழும்போது, நான் செலுத்தும் வரிப்பணத்தில் அங்கே சரளை கொட்டத்தான் வேண்டும் என்று சொல்வேன். என் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு அதைக் கடிதமாகவும் எழுதியிருக்கிறேன்.